குடும்ப மனக்கசப்பு ஓர் இளம் அரசியல்வாதியின் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும்?

கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு):
வணக்கம். என் தம்பி கட்சியின் இளைஞர் பிரிவில் பொறுப்பு வகிக்கிறான். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அவனை நிறுத்தலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அவரை யார் அழைத்துச் செல்வது என்று தொடங்கிய வாக்குவாதம் முற்றி, இப்போது அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மக்கள் குறை கேட்கும் சேவை மையத்தை மூடிவிட்டு அவன் வரும்வரை சோற்றை மூடி வைத்துக் காத்திருந்த அவன் மனைவி, பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தலைவர்கள் எல்லாம் துன்பத்தில் வளர்ந்தவர்கள்தாம், பொறுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். இது சரிதானா?

பதில் 1 (கோலாலம்பூர்):
அவர்கள் மனத்தில் இருப்பது மலேசிய அரசியல் தலைவர் அன்வார் இப்ராகிமின் குடும்பமாக இருக்கலாம். துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு 1998 செப்டம்பர் 20இல் அவர் கைதானபோது மூத்த மகள் நூருல் இசாவுக்கு வயது 17. அவர் மனைவியும் கண் மருத்துவருமான வான் அசிசா, ஆறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு 1999 ஏப்ரலில் கட்சி தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் உங்கள் பினாங்கிலுள்ள பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். 2008இல் மகள் கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் தொகுதியில் வென்றார். ஆனால் அங்கே இடி வெளியிலிருந்து விழுந்தது, வீடு ஒரே பக்கம் நின்றது. உங்கள் வீட்டில் விரிசல் உள்ளேயே இருக்கிறது. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது உங்கள் தம்பிக்குச் செய்யும் தீங்கு.

பதில் 2 (ஜார்ஜ்டவுன்):
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். மண்டேலாவின் முதல் திருமணம் 1958இல் முறிந்தது. 1968இல் தாயும், 1969இல் சாலை விபத்தில் மூத்த மகனும் இறந்தபோது, ராபன் தீவுச் சிறையிலிருந்து அவரை இறுதிச் சடங்குக்கு விடவில்லை. 1994இல் அவர் அதிபரானார் என்பதைக் காட்டி, அந்த இழப்புகள்தாம் அவரை உயர்த்தின என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொகுதி வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் நிம்மதி இல்லாதவர், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலையிலிருந்து காத்திருக்கும் பாட்டியிடம் எரிந்து விழுவார், அந்தச் செய்தி மாலைக்குள் சாப்பாட்டுக் கடைவரை போய்விடும். மனைவி பிரிந்திருப்பதைக் கட்சித் தேர்தலில் எதிரணி முதலில் கையில் எடுக்கும். பொறுத்துக்கொள் என்பவர்களில் ஒருவராவது உங்கள் அப்பாவைக் காரில் ஏற்றிச் செல்ல வந்தாரா?

பதில் 3 (செந்தூல், கோலாலம்பூர்):
அம்மா, சுத்திகரிப்பில் ஒரு நாளைத் தம்பியே ஏற்கட்டும். அன்று சேவை மையத்தை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் அண்ணன் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்? மனைவியின் சம்மதம் கிடைக்கும்வரை வேட்பாளர் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டாம். ஒரு தவணை தள்ளிப்போனால் ஐந்து ஆண்டுகள்தாம். அவன் வயதுக்கு அது பெரிதல்ல.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை முறையை ஏற்பானா என்று தம்பியிடம் இன்றிரவே கேட்கிறேன். அவன் மனைவியைப் பார்க்க நான் தனியாகப் போவதுதான் முறை என்று நினைக்கிறேன். கட்சிப் பேச்சை அங்கே எடுக்கமாட்டேன்.