4கே லேப்டாப்ல ஸ்ட்ராட்டஜி கேம் எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, என்ன செய்ய?

பாளையங்கோட்டை:
15.6 இஞ்ச், 3840×2160 திரை. பழைய கேம் ஒண்ணுல படை எண்ணிக்கை, வரி விவரமெல்லாம் எறும்பு கணக்கா தெரியுது. கேமுக்குள்ள எழுத்தைப் பெருசாக்க வழி இல்ல. 2560×1440-க்குக் குறைச்சா மங்குது. ஸ்கிரீன் கோளாறா அண்ணாச்சி?

சங்கரன்கோவில்:
கோளாறு இல்ல தம்பி, வண்ணாரப்பேட்டை சர்வீஸ் கடைக்கெல்லாம் தூக்கிட்டுப் போவாதீக. 1440 வச்சா ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியா விரியணும். அரைப் புள்ளின்னு திரையில கிடையாது, அதான் எழுத்தோட ஓரம் கலங்குது. சரிபாதியா 1920×1080 வைங்க, ஒரு புள்ளி 2×2 ஆயிரும். அப்பவும் லேசா மங்கினா, கிராபிக்ஸ் டிரைவர் (திரைப் படத்தை இயக்குற மென்பொருள்) பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து பெருசாக்குதுன்னு அர்த்தம். கிராபிக்ஸ் செட்டிங்ல ‘இன்டீஜர் ஸ்கேலிங்’ (கலக்காம முழு மடங்கா மட்டும் பெருசாக்குறது) இருந்தா ஆன் பண்ணுங்க. ‘3’-க்கும் ‘8’-க்கும் வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.

தென்காசி:
விண்டோ மோட்ல (முழுத்திரை இல்லாம) ஆடுதீகன்னா: கேமைத் திறக்குற இஎக்ஸ்இ (.exe) ஃபைல்ல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. கீழ உள்ள ஓவர்ரைடை டிக் பண்ணி ‘சிஸ்டம்’ வைங்க. ‘அப்ளிகேஷன்’ வச்சா பெருசாகாது. மவுஸ் கிளிக் தள்ளி விழுந்தா டிக்கை எடுத்துருங்க.

அம்பாசமுத்திரம்:
சிவிலைசேஷன் 6, க்ரூசேடர் கிங்ஸ் 3 மாதிரி கேம்கள்ல யுஐ ஸ்கேலிங் (மெனு, எழுத்து, பட்டனைப் பெருசாக்குற வசதி) உள்ளேயே உண்டு. ஆனா 1366×768 லேப்டாப்ல 150% வேண்டாம். மெனுவுக்கு 910×512 அளவு இடம்தான் மிஞ்சும், ‘அப்ளை’ பட்டனே திரைக்குக் கீழ போயிரலாம். 110, 125ன்னு படிப்படியா ஏத்துங்க. மாட்டிக்கிட்டா கேமை மூடிட்டு, செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேட்ல திறந்து ஸ்கேலை 1.0 ஆக்குங்க. பல கேம்கள்ல அது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்லதான் இருக்கும்.