இரண்டு நீலப் பரல், ஒரு தேசிக்கன்று

கொக்குவில் வளவு:
எங்கள் வளவில் ஒரு முழம் கிண்டினால் அலவாங்கு கல்லில் இடிக்கிறது. வைத்த தேசிக்கன்று மூன்று வருடமாக அதே உயரம். இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய சாமான் கடையில் 200 லீற்றர் நீலப் பரல் இரண்டு வாங்கி வந்திருக்கிறேன். குறுக்கே வெட்டினால் நாலு சாடி: ஒன்றில் தேசி, மற்றவற்றில் கத்தரி, மிளகாய், வல்லாரை. எதால் வெட்டுவது, ஓட்டை எத்தனை? உள்ளே என்ன இருந்தது என்று மனுசி கேட்கிறா. கடைக்காரர் “சோப்புச் சாமான்” என்றார், அவ்வளவுதான்.

நீர்வேலித் தோட்டக்காரன்:
தம்பி, மனுசி கேட்டதுதான் சரியான கேள்வி. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். அது பிளாஸ்ரிக்கின் வகை, உள்ளே இருந்ததைச் சொல்லாது. லேபலைப் பாருங்கள். பூச்சிமருந்து என்றால் கழுவி மினக்கெட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். வெட்ட ஜிக்சோ நல்லது. கிறைண்டர் வேகத்தில் பிளாஸ்ரிக் உருகி வெட்டின இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அரை அங்குல ஓட்டை எட்டு, கீழே நாலு செங்கல். அடியில் கல் நிரப்பாதீர்கள், எல்லோரும் செய்கிற பிழை அது. தண்ணீர் கல்லுக்கு மேலேதான் தேங்கும், வேருக்கு இடமும் குறையும். மூடி உள்ள பாதியைக் கவிழ்த்தால் மூடி வாய் இரண்டும் வடிகாலாகிவிடும், ஒரு துண்டு வலை போதும். வைக்கும் இடத்தை முதலே யோசியுங்கள். நனைந்த மண்ணோடு நூறு கிலோவுக்கு மேல் வரும், பிறகு அசைக்க ஏலாது.

இணுவில் அக்கா:
நான் சொல்வது வேறு. அந்த மஞ்சளுக்குக் கல் மட்டும் காரணமில்லை, கிணற்றுத் தண்ணீரும்தான். எங்கள் கேத்திலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு சாடியிலும் சேரும். சேரச் சேர மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. என் தேசி பரலுக்குள் ஆறு மாதம் நன்றாக நின்று, பிறகு திரும்ப மஞ்சளடித்தது. பரல் மண்ணைத்தான் மாற்றும், தண்ணீரை மாற்றாது. அதனால் இரண்டையும் வெட்டாதீர்கள். மழைத் தண்ணீர் பிடிக்க ஒன்றைக் கூரைப் பீலிக்குக் கீழே வையுங்கள். பத்துக்கு இருபது அடிக் கூரையில் 11 மில்லிமீற்றர் பெய்தாலே 200 லீற்றர். ஐப்பசி, கார்த்திகையில் அது ஒரு நேர மழை! வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம், டெங்குக் காலம். கோடையில் தேசிக்கு மட்டும் அந்தத் தண்ணீர். கத்தரிக்குக் கிணறு போதும்.

கொக்குவில் வளவு:
லேபல் பாதி கிழிந்திருந்தாலும் “ஷாம்பு” என்று வாசிக்க முடிந்தது. நுரை வராமல் போக ஏழு தரம் கழுவினேன். ஒன்றை வெட்டியாயிற்று, கிறைண்டரால்தான். அண்ணை சொன்ன மாதிரியே ஒட்டியது, இரண்டாம் தரமும் வெட்டினேன். மற்றது பீலிக்குக் கீழே நிற்கிறது. ஒரு சாடியில் தேசி, மற்றதில் கத்தரியும் மிளகாயும். வல்லாரைக்குத்தான் இடமில்லை. அது கிணற்றடியில் ஏற்கனவே இருக்கிறதாம், மனுசி சொல்கிறா. நான் கவனிக்கவேயில்லை.