புதுப்பிப்பு: 'ஸோடியாக்' படத்தை மறுபடி பார்த்தேன்

அமெரிக்காவில் நடந்த, கொலையாளி பிடிபடாத தொடர்கொலை வழக்கைப் பற்றிய டேவிட் ஃபின்ச்சரின் 'ஸோடியாக்' (2007) பிற்பாதியில் அலுப்புத் தட்டுகிறது, மறுபடி பார்க்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

வழக்கின் வரலாற்றை முதலில் படிக்கச் சொன்னவரின் யோசனை எனக்குப் பயன்படவில்லை. முடிவு கிடைக்காது என்று தெரிந்ததும் ஆர்வம்தான் குறைந்தது. பலன் தந்தது, 162 நிமிட இயக்குநர் வடிவத்தைப் பாருங்கள் என்ற யோசனை. திரையரங்கில் வந்ததைவிட அது ஐந்து நிமிடம் நீளமானது. ஆனால் எதிர்பாராத விதமாக, எனக்கு அதுவே வேகமாக நகர்ந்தது. காவலர்கள் சோதனை ஆணை கேட்டு, ஒலிபெருக்கித் தொலைபேசி வழியாகச் சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கும் காட்சி அதில்தான் உள்ளது. ஆர்தர் லீ ஆலன்மீது அவர்களுக்கு ஏன் அவ்வளவு சந்தேகம் என்பது அங்கேதான் எனக்குத் தெளிவாயிற்று. ஆண்டுகள் கழிவதை வெறும் கருந்திரையில் பாட்டும் செய்தியுமாகக் கேட்கவைக்கும் பகுதியும் அருமை.

நிலவறைக் காட்சியில் தலைக்குமேல் மரப்பலகை கிறீச்சிடும்போது, வழக்கைத் தானே துருவும் கேலிச்சித்திரக்காரர் கிரேஸ்மித்தோடு நானும் மூச்சடக்கி நின்றேன்.

குறை ஒன்று இன்னும் இருக்கிறது: கிரேஸ்மித்தின் மனைவி, கணவரின் பித்தைக் கண்டு வருந்துவதற்கு மட்டுமே வருகிறார். கொலையாளியாக வெவ்வேறு நடிகர்கள் நடித்திருப்பதை இம்முறைதான் கவனித்தேன். சாட்சிகளின் வாக்குமூலங்கள் முரண்படும் வழக்குக்கு அது மிகப் பொருத்தம்.