மடியில் கிடக்கும் கிட்டாருக்கு எந்தச் சுருதி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறு கம்பி லாப் ஸ்டீல் ஒன்று, அதாவது மடியில் கிடத்திக் கம்பிகளின்மேல் 'பார்' என்னும் உலோகக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார், பழையதாகக் கைக்கு வந்தது. அதில் மாட்டியிருந்தவை சாதாரணக் கிட்டார் கம்பிகள் என்பது எனக்குத் தெரியாது. பழைய சினிமாப் பாட்டுக்கும் ஹவாய் பாணிக்கும் சி6 என்ற சுருதி என்று கேள்விப்பட்டிருந்தேன்: தடித்த கம்பியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. மெல்லிய கம்பியிலிருந்து தொடங்கினேன். முதல் கம்பி இருந்தபடியே இருக்கலாம். இரண்டாவது ஒரு மெட்டு, அதாவது அரைச்சுரம், ஏற வேண்டும், மூன்றாவது இரண்டு மெட்டு. நான்காவது ஐந்து மெட்டு! பிரடையைத் திருகத் திருகக் கம்பி முனகியது. நான்கு மெட்டு தாண்டியதும் புறங்கையில் சுளீரென்று ஓர் அடி. தழும்பு இன்னும் இருக்கிறது.

சி6-க்கென்றே விற்கும் கம்பிக்கட்டைப் போட்ட பிறகு அந்தச் சுருதியின் அழகு புரிந்தது. சி-யை ஷட்ஜமாக வைத்தால் ச, க, ப, த. மோகனத்தில் ரிஷபம் மட்டும்தான் பாக்கி. ஏ-யை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் அதே கம்பிகள் மைனராகிவிடுகின்றன. மெல்லிசைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்குத் தோடி வாசிக்கும் ஆசை வந்தது. சாதாரணக் கிட்டார் கம்பிகளையே திரும்ப மாட்டி, எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும் ஓபன் டி சுருதி வைத்தேன்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இதில் எந்தக் கம்பியும் ஏறுவதில்லை, அதனால் அறுந்துபோகும் பயமில்லை. பெரியப்பா வீணை கற்றவர். திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு எழுந்து வந்து மூன்றாவது கம்பியின்மேல் ஒரு விரலை வைத்து, "இப்போது வாசி" என்றார். நான் முதல் கம்பியில் பாரின் நுனியால் வாசிக்கும்போதெல்லாம் அந்த எஃப் ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம், அடியில் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தோடிக்கு அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த 'சாதாரண காந்தாரம்' அல்லவா! விரல் பட்டதும் அழுக்கு கழுவிவிட்டாற்போல் ஆகிவிட்டது.

"வீணையில் ச, ப, ச, ப என்றுதானே கட்டியிருக்கிறது? காந்தாரத்தை ராகம் கொண்டுவரும். நீ ஏன் அதைக் கம்பியில் கட்டிவைக்கிறாய்?" என்றார்.

அன்றிலிருந்து மூன்றாவதை ஏ-க்கு ஏற்றி டி, ஏ, டி, ஏ, ஏ, டி என்று வைத்திருக்கிறேன். உங்கள் கதை என்ன?

தரங்கம்பாடியிலிருந்து:

எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழு எந்தச் சுருதியில் எடுக்கும் என்று கடைசி நிமிடம் வரை தெரியாது. எனக்கு ஓபன் டி-தான் கைகொடுக்கிறது. பாரை நேராகப் போட்டாலே முழு மேஜர் கார்டு. அங்கிருந்து ஐந்து மெட்டு தள்ளினால் ஒன்று, ஏழு மெட்டு தள்ளினால் இன்னொன்று. பாதிப் பாட்டுகள் அந்த மூன்றிலேயே முடிந்துவிடும். நீங்கள் விரட்டிய அந்தக் காந்தாரம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அண்ணா.

ஆனால் மைனர் பாட்டு வந்தால் மாட்டிக்கொள்வேன். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் மூன்றாவது கம்பியை அரைச்சுரம் இறக்கி வாசித்தேன். அடுத்த பாட்டுக்கு ஏற்ற மறந்துவிட்டேன். மகிழ்ச்சிப் பாட்டு இழவுப் பாட்டாயிற்று. ஆயர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மன்னார்குடியிலிருந்து:

என்னிடம் இருப்பது உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் கிட்டார். புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைமேல் ஆசை. சுருதி ஜி, பி, டி, ஜி, பி, டி. அடிக்கம்பி மூன்று மெட்டு ஏற வேண்டியிருப்பதால் இதற்கும் தனிக் கம்பிக்கட்டு வேண்டும். கும்பகோணத்தாரின் தழும்பைப் படித்ததும் என் கை தானாகப் பின்வாங்கியது.

திருவிடைமருதூரிலிருந்து:

தம்பி, உங்கள் பெரியப்பா சொன்னது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த சகாராமராவ் இவ்வூர்க்காரர். அதே வாத்தியத்தை வாசித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் தஞ்சைப் பக்கம். மெட்டே இல்லாத வாத்தியம் அது; உருளைக்கட்டையை நகர்த்தியே கமகம் அத்தனையும் வரவேண்டும். உங்கள் ஸ்டீல் பாரின் வேலையும் அதுதானே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கல்யாணிக்கும் மோகனத்துக்கும் அந்தர காந்தாரம் ரீங்கரித்தால் கெட்டுப்போகாது என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படி வைத்துப் பார்த்தேன். கம்பியில் அசையாமல் நிற்கும் காந்தாரமும் கல்யாணியில் அசைந்து வரும் காந்தாரமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இரண்டு ஏ கம்பிகளாக வைத்திருக்கும் இரட்டைப் பஞ்சமமே தேவலை.

கும்பகோணத்திலிருந்து:

ஐயா, அந்த இரட்டைப் பஞ்சமத்துக்கு இப்போது இரண்டாவது, மூன்றாவது இரண்டிலும் ஒரே கனக் கம்பி போட்டிருக்கிறேன். மார்கழிப் பனியில் காலையில் ஒன்று இறங்கிவிடுகிறது, மற்றது இறங்குவதில்லை. இரண்டும் சேர்ந்தே இறங்கினால்கூட ஒருவாறு சமாளித்துவிடலாம். உங்களுக்கும் இப்படி ஆகிறதா?