சின்ன காரில் டிரெய்லர்: பின்பக்கம் ஆடுவது ஏன்?

லண்டனில் இருக்கிறேன். என் கார் 1,200 கிலோ. பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரில் தோட்டத்து மண் மூட்டைகளை ஏற்றி வந்தேன். 50 மைல் வேகத்தில் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது; ஸ்டியரிங்கும் லேசாகிவிட்டது. பிள்ளைகள் காரில் இருந்தார்கள், நடுங்கிப்போனேன். என்ன தவறு?

பதில் 1:
மூட்டைகளைப் பின்னால் அடுக்கினீர்களா அண்ணா? கனத்தை அச்சுக்கு மேல், கொஞ்சம் முன்தள்ளி வையுங்கள். நெளிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

பதில் 2:
எடையையும் பாருங்கள். இங்கே பிரேக் இல்லாத டிரெய்லருக்குச் சரக்கோடு சேர்த்து 750 கிலோ, அல்லது கார் எடையில் பாதி. எது குறைவோ அதுதான் வரம்பு. உங்களுக்கு 600. கார் கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு.

கேட்டவர்:
ஆமாம், எல்லா மூட்டையும் பின்கதவோரம்தான். இப்போது மாற்றி அடுக்கிவிட்டேன். முன்பு ஒரு விரலால் எழும்பிய கொக்கி முனை, இப்போது கனக்கிறது.