ஆர்தர் போன பிறகு ஜானாக விளையாட மனம் வரவில்லை. எபிலாக் தேவைதானா?

மழைக்குருவி:

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேம் பற்றிய கேள்வி. அதில் ஆறாம் அத்தியாயம் வரை ஆர்தராகவும், அதற்குப் பின் வரும் எபிலாக்கில் (முடிவுரைப் பகுதி) ஜானாகவும் விளையாட வேண்டும். இருவரும் ஒரே கொள்ளைக் கும்பல். ஆறாம் அத்தியாயம் வரை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுகிறேன். இன்னும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இதற்குமேல் படிக்க வேண்டாம்.

நேற்றிரவு ஆறாம் அத்தியாயத்தை முடித்தேன். பணம் வேண்டாம் என்று விட்டுவிட்டு ஜானோடு போனேன். ஹானர் (நல்லது செய்தால் ஏறும் அளவு) உச்சத்தில் இருந்ததால், சூரியன் உதிப்பதைப் பார்த்தபடியே மலைமுகட்டில் ஆர்தர் உயிரை விட்டான். அதற்குச் சற்று முன்னால் என் குதிரை குண்டடிபட்டு விழுந்தது. இசபெல்லா ஏரிப் பனியில் பாடுபட்டுப் பிடித்த வெள்ளை அராபியக் குதிரை. விளையாட்டு முழுவதும் அதன்மேல்தான் சுற்றினேன். பின்னால் துரத்தி வருகிறார்கள், ஜான் அவசரப்படுத்துகிறான், ஆர்தரோ மண்டியிட்டு அதைத் தடவிக்கொடுத்து நன்றி சொல்கிறான். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு கதை 1907-க்குத் தாவுகிறது. வண்டியில் ஜான், அவன் மனைவி அபிகேல், மகன் ஜாக். இனி நான் ஜான். அந்த இடத்தில் அணைத்துவிட்டேன்.

2010-இல் வந்த முதல் விளையாட்டை ஏற்கெனவே முடித்திருக்கிறேன். 1911-இல் ஜானுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியும். எப்படியும் சாகப்போகிறவனைக் காப்பாற்றத்தான் ஆர்தர் செத்தானா? அந்த நினைப்பு வந்ததும் ஜான் மீது வெறுப்பே வந்துவிட்டது. கதை சூரிய உதயத்தோடு முடிந்ததாக வைத்துக்கொள்ளலாமா?


ஒற்றைப்பனை:

வைத்துக்கொள்ளுங்கள். நான் எபிலாக்கை முடித்தேன், ஆனால் அந்தச் சூரிய உதயத்துக்குப் பிறகு எதுவும் என்னைத் தொடவில்லை. மாட்டுத் தொழுவம், வேலி, வண்டியில் சாமான் ஏற்றுவது என்று நீண்டுகொண்டே போகிறது. அவ்வளவு பெரிய சாவுக்குப் பின் சாணி அள்ளச் சொன்னால் யாருக்கு மனம் ஒப்பும்?


பழைய நாட்குறிப்பு:

விளையாடுங்கள். இன்றே வேண்டாம், கொஞ்சம் ஆறப்போட்டு விளையாடுங்கள். பின்னால் வரும் பெரிய திருப்பங்களை நான் சொல்லப்போவதில்லை. எபிலாக்கின் முற்பகுதியில் காணப்போவதை மட்டும் தொடுகிறேன்.

ஜான் மீது உங்களுக்கு வந்த கோபம் ஆர்தருக்கும் இருந்தது. ஜாக் பிறந்த பிறகு ஜான் ஓராண்டு கும்பலை விட்டே ஓடிப்போயிருந்தான். திரும்பி வந்தவனைக் கும்பல் தலைவன் டச்சு ஏற்றுக்கொண்டான், ஆர்தரால் முடியவில்லை. கும்பலுக்குச் செய்த துரோகம் என்றுதான் ஆர்தர் அதைப் பேசுவான். அடியில் இருந்தது வேறு. எலைஸா என்ற பெண்ணிடம் அவனுக்கு ஐசக் என்று ஒரு மகன் இருந்தான். அவ்வப்போது போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருவான். ஒருமுறை போனபோது வீட்டு வாசலில் இரண்டு சிலுவைகள் நின்றன. வெறும் பத்து டாலருக்காக யாரோ கொன்றுபோட்டிருந்தார்கள். இதை அவன் பழங்குடித் தலைவர் ரெய்ன்ஸ் ஃபாலிடம் சொல்கிறான், தன் மகனை இழந்த இன்னொரு தகப்பனிடம். உயிரோடு ஒரு பிள்ளை இருந்தும் அவனை ஏறெடுத்துப் பார்க்காத ஜானைக் கண்டு ஆர்தருக்கு வயிறு எரிந்ததில் என்ன வியப்பு?

இரண்டாம் அத்தியாயத்தில் ஜாக்கை மீன் பிடிக்க அழைத்துப்போவது ஆர்தர்தான், ஜான் இல்லை. பையனுக்குத் தூண்டிலில் நாட்டம் இல்லை, அம்மாவுக்காகப் பூ கோக்க உட்கார்ந்துவிடுகிறான். அந்த ஆற்றங்கரைக்குப் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவன ஆட்கள் இருவர் வந்து நிற்கிறார்கள், ஒருவன் மில்டன், மற்றவன் ராஸ். முதல் விளையாட்டை முடித்தவரான உங்களுக்கு ராஸ் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்தர் கடைசியில் எதற்காக உயிரைக் கொடுத்தான் என்பதற்கான விடை அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அவன் ஜானைக் காப்பாற்றியதாக மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு பையனுக்கு அப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அப்படியானால் அடுத்த கேள்வி, ஜான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான்? அதற்கு எபிலாக் பதில் சொல்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு ஜிம் மில்டன் என்று ஒரு பண்ணையில் கூலி வேலைக்குச் சேர்கிறான். பால் கறக்கிறான், சாணி அள்ளுகிறான். ஒவ்வொன்றையும் நாம்தான் பட்டனை அழுத்திச் செய்ய வேண்டும். ரயிலைக் கொள்ளையடித்த அதே கை. ஒற்றைப்பனை அலுப்பு என்கிறார், அலுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்தருக்கு வாய்க்காமல் போன வாழ்க்கை அதுதான். விடிந்ததும் எழுந்து மாட்டைக் கவனித்து, சாயங்காலம் வீட்டில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவது. அதை இரண்டு நிமிடக் காட்சியாகக் காட்டியிருந்தால் ‘பிறகு அவர்கள் நலமாக வாழ்ந்தார்கள்’ என்ற வரியோடு போயிருக்கும். நம்மையே உழைக்க வைத்ததால்தான் அந்த வாழ்க்கை எவ்வளவு கடினமானது, அதில் நிலைத்து நிற்க ஜானுக்கு எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது என்பது புரிகிறது. துப்பாக்கியை எடுத்தால் எல்லாம் நொடியில் தீர்ந்துவிடும் என்று நமக்கே தோன்றும். அபிகேல் வேண்டாம் என்பாள். எடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பாருங்கள்.

முதல் விளையாட்டை முடித்திருக்கிறீர்கள் என்பது இன்னொரு நல்ல விஷயம். அதில் ஜானின் பண்ணையான பீச்சர்ஸ் ஹோப்பில் வீடு எப்படி எழுந்தது என்பதை இதில் காண்பீர்கள். காண்பது என்ன, பழைய கும்பல்காரர்களான அங்கிளோடும் சார்லஸோடும் சேர்ந்து நீங்களே ஆணி அடிப்பீர்கள். பாட்டு ஒலிக்கிறது, சட்டம் நிற்கிறது, சுவர் எழுகிறது. 1911-இல் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு ஆணியைக்கூடக் கோணலாக அடிக்க மனம் வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். ஆர்தர் வாங்கிக் கொடுத்தது சில ஆண்டுகள். அந்தச் சில ஆண்டுகளில் ஒரு வீடு எழுந்தது, ஒரு பையன் புத்தகம் படித்து வளர்ந்தான். அது வீணா?

ஒன்று மட்டும் செய்யுங்கள். விளையாட்டைத் திறந்ததும் ஜானின் பையிலிருந்து அந்த நாட்குறிப்பை எடுங்கள். ஆர்தருடைய அதே நோட்டு. ஆர்தரின் பக்கங்களில் மான், பறவை, நண்பர்களின் முகம் எல்லாம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கும்! அதே நோட்டில் தொடர்ந்து ஜானும் எழுதுகிறான், படமும் போடுகிறான். ஜானுக்குப் படம் வராது. குழந்தை கிறுக்கியதுபோல இருக்கும். இருந்தாலும் விடாமல் போடுகிறான். அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது ஜான் மீதிருந்த என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது.


செம்மண்சாலை:

நான் குறைந்த ஹானரோடு முடித்தவன். எனக்குச் சூரிய உதயம் கிடைக்கவில்லை, கும்பலின் துரோகி மைக்கா சுட்டுவிட்டான். அதனால் என் மனதில் தங்கியது முடிவுக்காட்சி இல்லை, தாமஸ் டவுன்ஸ்.

கும்பலில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஸ்ட்ராஸின் கடனை வசூலிக்கப் போகும் சாதாரண மிஷன் என்று நினைத்துத்தான் அந்த மனிதனை அடித்தேன். முகத்துக்கு நேரே இருமினான். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். விளையாட்டும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் செயின்ட் டெனிஸ் நகர மருத்துவர் காசநோய் என்று சொன்னபோதுதான் அந்த இருமல் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு என்ன ஊட்டினாலும் ஆர்தரின் உடம்பு தேறுவதில்லை. கண் சிவந்து, கன்னம் ஒட்டி, பேச்சுக்குப் பேச்சு இருமல். ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க்கின் குரல் ஆறாம் அத்தியாயம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது. 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது அவருக்குக் கிடைத்தபோது அவ்வளவு மகிழ்ந்தேன்.

ஆன்னெஸ்பெர்க் ஊரில் டவுன்ஸின் மனைவியை மறுபடி பார்க்கும்போது அவள் ஆர்தரை மன்னிக்கவில்லை. உதவியை ஏற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கதை பிடிக்காமல் போயிருக்கும்.


ஒற்றைப்பனை:

பழைய நாட்குறிப்பு, நீங்கள் சொல்வது புரிகிறது, ஐசக் விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. இருந்தாலும் என் குறை அப்படியேதான் இருக்கிறது. ரயில் நிலையத்தில் கால்டரோன் சகோதரி என்ற கன்னியாஸ்திரியிடம் ‘பயமாக இருக்கிறது’ என்று ஆர்தர் ஒப்புக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அவ்வளவு பெரிய முரடன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்குக் கதை அத்தனை தூரம் நடந்து வந்தது. அந்த ஆழத்தைத் தொட்ட பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்குவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.


பழைய நாட்குறிப்பு:

அந்தக் காட்சியை நீங்கள் சொன்னதில் மகிழ்ச்சி. கால்டரோன் சகோதரிக்கு முன்பே உதவியிருந்தால்தான் அது அவரோடு நடக்கும், அதனால் பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அங்கே அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, அன்பு உண்டு என்று நம்பு, அன்பான ஒரு காரியத்தைச் செய் என்கிறார். ஆர்தர் செய்த அந்தக் காரியம்தான் ஜானின் குடும்பம். அதன் பலனைப் பார்க்காமல் எழுந்து போவது எனக்குப் பாதியில் விட்டதாகப்படுகிறது. உங்களுக்கு அப்படிப்படவில்லை என்றால் அதையும் மதிக்கிறேன். அந்தச் சூரிய உதயம் உங்களுக்குள் முழுமையாக இருக்கிறது என்றுதானே அதற்குப் பொருள்.


மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. பழைய நாட்குறிப்பு சொன்னபடி முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். ஜான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போது பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. ஜாக் அப்பாவைப் பார்த்து ஒதுங்குகிறான், அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு கேள்விகள். ஆர்தரின் கல்லறைக்கு இப்போதே போகலாமா? கும்பலில் மிச்சமிருப்பவர்கள் யாராவது கண்ணில் படுவார்களா?


பழைய நாட்குறிப்பு:

கல்லறையைத் தேடி இப்போது போக வேண்டாம். சார்லஸ் வருவான், அதைப் பற்றி அவன் வாயால் கேட்டுவிட்டுப் போங்கள். ஆர்தரைப் புதைத்தவன் அவன்தான். மற்றவர்களும் ஆங்காங்கே இருக்கிறார்கள். வாலன்டைன் ரயில் நிலையத்தில் மேரி-பெத் உட்கார்ந்திருப்பாள், இப்போது நாவல் எழுதுகிறாள். ரோட்ஸ் ஊர்க் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பது நம் பியர்சன். சாமான் வாங்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள், சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படத்தைப் பாருங்கள். ஜாக்கோடு குதிரையில் போகும் மிஷன் வரும்போது வேகமாக ஓட்டாமல் நடைபோட விடுங்கள், பேச்சு முழுவதும் கேட்கும்.