கடன் வாங்கிக் கழித்தல்: மூன்று நிலைக்கும் பயிற்சித்தாள் தேவை

தஞ்சாவூர் பக்கம் ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். மலர் நிலைக்காரர்கள் சட்டென்று முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் (சும்மா என்றால் சத்தம்). அரும்புக்கு 20-க்குள் கழிப்பதே தடுமாற்றம்.

பெரிய சிக்கல் மொட்டில்தான். 52-இல் 27 போனால் 35 என்கிறார்கள். 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிக் கட்டைப் பிரித்துச் செய்தால் 25 சரியாக வருகிறது. நோட்டுக்கு வந்ததும் மறுபடி 35. மணிச்சட்டம், இடமதிப்பு அட்டை, எண்கோடு எல்லாம் பார்த்தாயிற்று. அரையாண்டு விடுமுறைக்கு அப்புறம் இன்னும் மோசம். இணையத்தில் கிடைப்பவை எண்ணை மட்டும் பெரிதாக்கிய தாள்கள்.

கட்டைப் பிரிப்பதைப் படமாகக் காட்டி, படிப்படியாக எண்ணுக்குக் கொண்டுபோகும் தமிழ்ப் பயிற்சித்தாள், மூன்று நிலைக்கும், யாரிடமாவது இருக்கிறதா?